தணிகை மலையும் மிதிவண்டியும்: ‘ஏறலாமா?’ என்னும் வினா குறித்த ஆய்வு

சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருப்பதிக்குச் சைக்கிளில் கிளம்பிய ஒருவர், ஏறத்தாழ 85 கிலோமீட்டர் மிதித்துவிட்டுத் திருத்தணியில் இறங்குகிறார். டீ சொல்கிறார். மலையை அண்ணாந்து பார்க்கிறார். கோயில் வரைக்கும் கார் போகிற ரோடு ஒன்று இருப்பது தெரிந்ததும் அவர் முகம் மாறுகிறது. அந்த நொடியில் தொடங்கி, டீக்காசு கொடுக்கும்வரை அவருக்குள் நடப்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். ஏறிய பின் முழங்காலில் நடப்பது மருத்துவத் துறைக்குரியது. ஏறாமல் ஊர் திரும்பிய பின் நண்பர்களிடம் சொல்லப்படுவது புனைகதைத் துறைக்குரியது. இரண்டிலும் நாம் தலையிடுவதற்கில்லை.

இத்துறையில் முன்னாய்வுகள் குறைவு. தணிகையைப் பாடியவர்களுக்குப் பஞ்சமில்லை. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடினார். கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணமே செய்தார். முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கீர்த்தனை இங்கேதான் பிறந்தது என்று சங்கீத உலகம் சொல்லும். ஆனால் இவர்களில் எவரும் அடிவாரத்தில் நின்று நகம் கடித்ததாக நான் படித்ததில்லை. அந்த வகையில் நமக்குக் கைகொடுப்பவர் இத்தாலியக் கவி பெத்ரார்க். 1336 ஏப்ரலில் பிரான்ஸ் நாட்டு மோன் வாந்து மலையில் ஏறப் புறப்பட்ட அவர், யாரைத் துணைக்கு அழைப்பது என்று நெடுநேரம் யோசித்து, நண்பர் ஒவ்வொருவரிடமும் ஒரு குறை கண்டு, கடைசியில் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனதாக எழுதிவைத்திருக்கிறார். வழியில் ஒரு கிழ இடையர் தடுத்தாராம். ஐம்பது வருடத்துக்கு முன் தானும் ஏறியதாகவும், கல்லும் முள்ளும் கிழித்ததுதான் மிச்சம் என்றும் விரிவாக எடுத்துரைத்தாராம். அதே மலையில் 1951 முதல் டூர் த பிரான்ஸ் பந்தயக்காரர்கள் சைக்கிளில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இடையர் வகையறா உலகெங்கும் உண்டு. திருத்தணியில் அவர் டீக்கடை பெஞ்சில் தினத்தாளோடு இருப்பார். “மேலயா? சைக்கிள்லயா?” என்பார். பிறகு ஒரு இடைவெளி விட்டு, “எதுக்கு சார்?” என்பார். பக்கத்தில் இருப்பவர் தெலுங்கில் “வத்து சார்” என்று வழிமொழிவார். எல்லையோர ஊர் என்பதால் இங்கே அதைரியம் இரண்டு மொழிகளில் வழங்கப்படுகிறது. மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு, அவர்தான் ஆபத்தானவர். “ஏன், எங்க மச்சான் ஏறினானே, டபுள்ஸ் வச்சு!” என்று ஆரம்பிப்பார். மச்சானைப் பின்னர் எவராலும் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஆனால் அந்தக் கணம் முதல் மலையின் சரிவு பெஞ்சில் இருப்போர் தொகைக்கு நேர்விகிதத்தில் கூடத் தொடங்கும். ஆள் இல்லாத அடிவாரத்தில் அது வெறும் மேடு.

அளவைக்கு வருவோம். படிகள் 365, ஆண்டின் நாள் ஒன்றுக்கு ஒரு படி என்பது ஐதிகம். (லீப் ஆண்டுக்கு என்ன ஏற்பாடு என்பது தனி ஆய்வுக்குரியது.) படிக்கு அரையடி என்று கொண்டால் 182½ அடி, சுமார் 55 மீட்டர். அடிவாரத்துச் சரிவையும் முழங்காலின் மனக்குறையையும் சேர்த்துத் தாராளமாக 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ. இந்தப் பாரத்தை 100 மீட்டர் உயர்த்தும் வேலை சுமார் 19 கிலோகலோரிதான். தசையானது தின்றதில் கால்பங்கை மட்டும் வேலையாக்கி, மீதியைச் சூடாக்கி வீணடிக்கும் இயல்புடையது. ஆகவே 75 என்று கொள்க. ஏறத்தாழ இரண்டு இட்லி. சட்னி கணக்கில் சேரவில்லை. காலையில் நான்கு இட்லியும் ஒரு வடையும் முடித்தவர் ‘தெம்பு இல்லை’ என்று வாதிடுவது சபையில் எடுபடாது.

வண்டியைப் பற்றிய வாதம் சற்றுக் கனமானது. நம் ஊர்ப் பழைய பெரிய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்பது பரவலான அமைப்பு. சக்கரம் 28 அங்குலம். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்தரை மீட்டர் நகரும். நூறடிக்கு ஆறடி ஏறும் ரோட்டில் இது 33 சென்டிமீட்டர் உயரம். அதாவது ஒரு சுற்றுக்கு இரண்டு படி. ஆள் சீட்டை விட்டு எழுந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்து, உடம்பை இடமும் வலமுமாகத் தொங்கவிட்டு மிதிப்பது இதனால்தான். கியர் சைக்கிளில் முன்பல்லையும் பின்பல்லையும் சமமாக்கிக்கொண்டால் ஒரு சுற்றுக்குச் சுமார் 13 சென்டிமீட்டர். ஒரு படிக்கும் குறைவு. லட்ச ரூபாய் வண்டியில் பளபளவென்று வருபவர், வெறுங்காலில் படியேறும் பாட்டியைவிடச் சிறிய அடிகளாக எடுத்துவைக்கிறார் என்பது இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. டூர் த பிரான்ஸ்காரர்கள் 1937 வரை பல்லை மாற்றும் அந்தக் கருவியை அனுமதிக்காமல் இருந்ததில் ஏதோ நியாயம் இருந்திருக்கிறது.

மலையின் சிறுமையும் ஒரு சிக்கல். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஏறாமல் திரும்பினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், ஏறினால் ஊரே பேசும். திருத்தணியில் ஏறினால் பெயரில்லை, ஏறாவிட்டால் அவப்பெயர். இதனால் உண்மையான அச்சத்துக்குரியது சின்ன மலைதான். வெயிலைச் சாக்குச் சொல்லலாம். மே மாதத்தில் வேலூரோடு போட்டி போட்டுச் சதமடிக்கும் ஊர் என்று பத்திரிகைகளே சாட்சி சொல்லும். ஆனால் மார்கழியில் வந்தவருக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது.

தாமதத்துக்கு மட்டும் இங்கே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. போராடினார், படாஸ்கர் வந்து எல்லைத் தகராறை விசாரித்தார், நாடாளுமன்றம் 1959இல் சட்டம் இயற்றியது, 1960 ஏப்ரல் 1 அன்று ஊர் இந்தப் பக்கம் வந்தது. மலை எந்த மாநிலத்தது என்று தீர்மானிக்கவே ஆறரை ஆண்டு. அதன் மேல் ஏறுவதா என்று தீர்மானிக்க ஒருவர் அரைமணி எடுத்துக்கொண்டால் குற்றம் காண்பதற்கில்லை.

இனி மையக் கருத்து. ஆடிக் கிருத்திகையில் இந்த அடிவாரத்தில் எத்தனையோ ஆயிரம் பேர் நிற்கிறார்கள். சரவணப் பொய்கையில் முழுகிய ஈரத்தோடு, தோளில் புஷ்பக் காவடியோடு, அரோகரா என்று கிளம்புகிறார்கள். சாதாரண நாளிலும் பார்க்கலாம்: ஒரு பெண்மணி மஞ்சள் கிண்ணத்தோடு படிக்குப் படி குனிந்து, விரலால் மஞ்சளை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, அடுத்த படிக்கு நகர்கிறார். இடுப்பு வலிக்கிறது என்பது நிமிரும்போது தெரிகிறது. ஆனால் ‘ஏறலாமா’ என்ற கேள்வி அந்த முகத்தில் இல்லை. அது எப்போதோ வீட்டில், குழந்தைக்கு ஜுரம் இறங்காத ஒரு ராத்திரியில் முடிவாகிவிட்டது. டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். புத்தாண்டன்று எலுமிச்சம்பழத்தோடு வெள்ளைக்காரத் துரைகளைப் பார்க்கப் போனவர்களை, துரைக்கெல்லாம் துரையான முருகனிடம் போகத் திருப்பிவிட்டவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். அந்தக் கூட்டத்தில் கலோரியோ பல் கணக்கோ எவரும் கேட்பதில்லை.

திருத்தணி அடிவாரத்தில் முடிவெடுக்கும் தொல்லை உள்ள ஒரே உயிர் சைக்கிள்காரர்தான். காரணம், அவருக்கு வேண்டுதல் இல்லை. சும்மா வந்தவர். சும்மா ஏறுவதற்கு எவ்வளவு யோசனை தேவைப்படுகிறது என்பதை மேற்கண்ட பக்கங்களே காட்டும்.

இதற்குப் பரிகாரமாக அனுபவசாலிகள் சிலர் கையாளும் முறை, பின்தேதியிட்ட வேண்டுதல். ‘பஞ்சர் ஆகாமல் வந்து சேர்ந்தால் சைக்கிளோடு மேலே வருகிறேன் என்று திருவள்ளூரிலேயே வேண்டிக்கொண்டேன்’ என்று பெஞ்சைப் பார்த்து அறிவிப்பது. அறிவித்த மாத்திரத்தில் பெஞ்சு அடங்கிவிடும். தினத்தாள்காரர் மடித்துவைத்துவிட்டு, “அப்ப ஏறித்தான் ஆகணும் சார்” என்பார். தெலுங்குக்காரரும் தலையசைப்பார். இத்தகைய வேண்டுதல் செல்லுமா, பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் நிறைவேறியதாகுமா என்பவற்றை ஆகமம் அறிந்தவர்கள்தாம் சொல்ல வேண்டும். பின்சக்கரத்தில் ஒட்டுப்போட்ட இடம் இன்னும் ஈரமாக இருக்குமானால் அதை அவர்கள் கண்ணில் படாமல் நிறுத்திவைப்பது நல்லது.