49-ஆவது மணி நேரம்

தமிழ்நாட்டில் சாலையில் அடிபட்டால், முதல் 48 மணி நேரத்துக்கு அரசாங்கம்தான் நமக்குத் தாயும் தகப்பனும். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய திட்டத்தின் பெயரே ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’. எந்த ஊர்க்காரராக இருந்தாலும், பையில் பத்துப் பைசா இல்லாவிட்டாலும், 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கும்போது உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். நல்ல திட்டம். உயிர்கள் பிழைத்திருக்கின்றன. கைதட்டியாயிற்று. இப்போது ஒரு சின்னச் சந்தேகம். 49-ஆவது மணி நேரத்தில் காப்பது யார்?

தண்டுவடம் அடிபட்டவருக்கு அந்த 49-ஆவது மணி நேரம் முப்பது, நாற்பது வருஷம் ஓடும்.

மம்சாபுரத்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே, மலையடிவாரத்துப் பேரூராட்சி. தோப்புக்குப் பஞ்சமில்லை. நம்மாள் தேங்காய் வெட்டுகிறவர். மட்டை கையோடு வந்துவிட்டது. முதுகு தரையில். அவருக்கு அந்த 48 கூடக் கிடையாது. அது சாலை விபத்துக்கு. அரசாங்கத்தை நம்பி விழுகிறவர் ரோடாகப் பார்த்து விழ வேண்டும்.

தோப்பில் நின்ற நாலு பேர் ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கி, லோடு ஆட்டோவில் மடக்கிப் போட்டார்கள். உடைந்த எலும்பு தண்டுவடத்தை நசுக்கியது அப்போதுதான். பாதியை மரம் செய்தது. மீதியை அன்பு செய்தது. 108 ஆம்புலன்ஸ் இந்த மாநிலத்தில் 2008 முதல் ஓடுகிறது. ‘முதுகில் அடிபட்டவரை மடக்கித் தூக்காதே, பலகையில் கிடத்து’ என்று ஊர்ச் சுவரில் எழுத இத்தனை வருஷத்தில் ஒரு டப்பா பெயின்ட் கிடைக்கவில்லை. தலைவர் பிறந்தநாள் என்றால் மட்டும் சுவரும் கிடைக்கிறது, பெயின்டும் கிடைக்கிறது.

ஆபரேஷன் நடந்தது. கம்பி வைத்தார்கள், ஸ்குரூ முடுக்கினார்கள். அதுவரை காப்பீட்டு அட்டை பேசியது. ‘ஆபரேஷன் சக்சஸ்’ என்றார்கள். டிஸ்சார்ஜ் தாளின் அடியில் ‘பிசியோதெரபி தொடரவும்’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினார்கள். எங்கே தொடர? யாரை வைத்துத் தொடர? எத்தனை நாள் தொடர? தாளில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

பார்க்க வருகிற சொந்தபந்தம் காலைத்தான் பார்க்கும். அதிகாரியும் காலைத்தான் பார்ப்பார். கால் போனது கதையில் கால்வாசி. மிச்சம் முக்கால்வாசி கட்டிலில் நடக்கிறது. கிள்ளினால் தெரியாத கால், ராத்திரி முழுக்கக் காந்தும். கரண்ட் அடித்தாற்போல வெட்டும். “உணர்ச்சியே இல்லைங்கிற, அப்புறம் எப்படிப்பா வலிக்கும்?” என்று கேட்கப் பத்துப் பேர் உண்டு. அறுந்த நரம்பு மூளைக்குப் பொய்யாகவே சேதி அனுப்பிக்கொண்டிருக்கும், வலி மட்டும் நிஜம் என்று எடுத்துச்சொல்ல ஒருவர் இல்லை. திடீரென்று இரண்டு காலும் இழுத்துக்கொண்டு விறைக்கும். “கால் ஆடுது, சரியாகிட்டு வருது” என்று பக்கத்து வீடு சந்தோஷப்படும்.

மூத்திரம் தானாகப் போகாது. நாலு மணி நேரமோ ஆறு மணி நேரமோ, ட்யூப் விட்டு எடுக்க வேண்டும். தூங்கிப்போனால் தொற்று, காய்ச்சல், நடுக்கம். அடி மார்புக்கு மேலே என்றால் அதற்குக் கீழே சரியாக வியர்க்காது. அக்னி நட்சத்திரத்தில் உடம்பு தணலாகும். ட்யூபை உள்ளேயே விட்டிருந்து, அது அடைத்துக்கொண்டால் ரத்த அழுத்தம் எகிறும், தலை வெடிக்கும், முகத்தில் மட்டும் வேர்த்துக் கொட்டும். ஓடுகிற ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை கொடுப்பார்கள். போர்வையை விலக்கி ட்யூப் மடங்கியிருக்கிறதா என்று பார்த்திருந்தால் போதும். போர்வையை விலக்குவதுதான் இங்கே பெரிய வைத்தியம்.

கொஞ்சம் தேறி, கம்பூன்றி நடக்கிறவர் பாடு இன்னும் கேவலம். “நடக்கிறாரே, அப்புறம் என்ன?” டவுனுக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது யாருக்கும் தெரியாது. நடந்தவன் நோயாளி இல்லை என்பது நம் நாட்டு மருத்துவ சாஸ்திரம்.

இதெல்லாம் பிடிபடாத மர்மமா? இல்லை. 1944-இல், உலகப் போருக்கு நடுவே, ஹிட்லரிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மன் என்ற டாக்டர், ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். அதுவரை இப்படி அடிபட்ட சிப்பாய்கள் பெரும்பாலும் படுக்கைப்புண்ணாலும் மூத்திரத் தொற்றாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். குட்மன் அதிசய மருந்து எதையும் கொண்டுவரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் பகலும், புரட்டிப் படுக்கவையுங்கள் என்றார். மூத்திரத்தைச் சுத்தமாக எடுங்கள் என்றார். எழுப்பி உட்காரவைத்து, வேலையும் விளையாட்டும் கொடுங்கள் என்றார். சாவு குறைந்தது. எண்பது வருஷம் ஆயிற்று. நம் ஊரில் புரட்டிப் போடும் வேலைக்கு நியமிக்கப்பட்ட ஒரே ஊழியர், பெண்டாட்டி. சம்பளம் இல்லை. லீவு இல்லை. வாரிசு நியமனத்துக்கு மகள் இருக்கிறாள்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி இருக்கிறது. அங்கே தறியில் ஓடுவது பேண்டேஜ் துணி. நாடெல்லாம் போகிறது, கடல் கடந்தும் போகிறது. ஊர் உலகத்துப் புண்ணுக்கெல்லாம் துணி நெய்கிற வட்டாரத்தில், புண் வராமல் தடுக்கும் மெத்தை ஒன்றுக்கு ஏழை வீடு யாரிடம் மனுக் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறது. புண் வந்தால்தான் கேஸ். வராமல் பார்த்துக்கொண்டால் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது.

சரி, பணமாவது தருகிறார்களே என்பீர்கள். கணக்குப் பார்ப்போம். மாநில அரசு பராமரிப்பு உதவித்தொகையாக மாதம் 2,000 ரூபாய் தருகிறது. மூத்திர ட்யூப் ஒன்று 20 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஐந்து. மாதம் 3,000. சோறு, மருந்து, டயபர், ஆட்டோ எதையும் சேர்க்கவில்லை; மூத்திரம் மட்டும். ஆகவே ஒரே ட்யூபைக் கழுவிக் கழுவிப் போடுகிறார்கள். மத்திய அரசோ இன்னும் தாராளம். அதன் ஊனமுற்றோர் ஓய்வூதியத்தில் டெல்லியின் பங்கு மாதம் 300 ரூபாய். அதுவும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்து, 80 சதவீதம் பாதிப்பும் இருந்தால்தான். 2012-இல் 300 ஆக்கியதோடு சரி. 300 ரூபாய்க்கு 15 ட்யூப். மூன்று நாள் மூத்திரத்தை டெல்லி பார்த்துக்கொள்கிறது. மாதத்தின் மிச்ச நாளைக்கு அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்து ஆந்திராவில் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு 2024 முதல் மாதம் 15,000 தருகிறார்கள். அங்கேயும் இதே ரூபாய் நோட்டுதான்.

2017-இல் ஜிஎஸ்டி வந்தது. தங்கத்துக்கு 3 சதவீதம். சக்கர நாற்காலிக்கு 5 சதவீதம். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் நன்றாக நடக்கக் கூடியவர்கள்.

டிசம்பர் 3 வந்தால் நாற்காலி இலவசமாகவே கிடைக்கும். அன்றைக்கு மாற்றுத்திறனாளிகள் தின விழா. மேடை, ஷாமியானா, பொன்னாடை. ஒரு நாற்காலியின் கைப்பிடியை ஆறு பேர் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார்கள். வாங்க வந்தவரை இரண்டு பேர் குண்டுக்கட்டாகத் தூக்கி மேடையேற்றுகிறார்கள், மேடைக்குப் படிதானே வைத்திருக்கிறது. ஆறடி ஆளுக்கும் நாலரையடி அம்மாவுக்கும் ஒரே அளவு நாற்காலி. செருப்புக்குக்கூட நம்பர் பார்த்து வாங்குகிற ஊர் இது. ஆளை அளந்து நாற்காலி கொடு, உட்கார மெத்தை கொடு, ஓட்டப் பழக்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2008-லேயே எழுதிவைத்தது. நாம் கொடுப்பது ரெக்ஸின் சீட்டு. அதில் நாள் முழுக்க உட்கார்ந்தால் பிட்டத்தில் புண். பிறகு நாற்காலி கொல்லையில் நிற்கும், துணி காய. போட்டோ மட்டும் பேப்பரில்.

சட்டம் இல்லையா? பிரமாதமாக இருக்கிறது. 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஜூனில் விதிகள். விதி வந்த ஐந்து வருஷத்துக்குள் பழைய பொதுக் கட்டடங்களையெல்லாம் எல்லோரும் போய்வரத் தக்கதாக மாற்ற வேண்டும். கெடு 2022 ஜூனோடு முடிந்தது. 2024 நவம்பர் 8 அன்று, ராஜீவ் ரதூரி வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்த விதிகளைப் பிரித்துப் பார்த்தது. சட்டம் ‘செய்தே தீர வேண்டும்’ என்கிறது. 15-ஆவது விதியோ ‘முடிந்தால் பாருங்கள்’ என்கிற பாணியில் இருக்கிறது. செல்லாது என்றது நீதிமன்றம். மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை எழுதச் சொன்னது. ஏழு வருஷம் ஓடியபிறகு!

அதற்குள் சாய்தளங்கள் முளைத்திருந்தன. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். நம் காண்டிராக்டர் நாலடியில் முடித்து, பில் போட்டுவிடுவார். சக்கர நாற்காலி அதில் ஏறாது, டூவீலர் ஏறும். ஆகவே மேலே டூவீலர் நிற்கும். உள்ளே மாற்றுத்திறனாளிகள் கழிப்பறை பூட்டியிருக்கும். திறந்தால் விளக்குமாறு, பினாயில் கேன், கால் உடைந்த மேசை. கால் உடைந்ததற்குத்தான் இடம் என்று சரியாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் 2021 முதல் டிக்கெட் இல்லை. பெரும்பாலான பஸ்களில் படி மட்டும் பழைய உயரத்திலேயே. இலவசமாகப் போகலாம், ஏற முடிந்தால்.

ஏறி எங்கே போவது? விருதுநகருக்கு 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி வந்தது. சந்தோஷம். அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் சென்னை கே.கே. நகரில், ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். உண்மை. ஒன்றியத்துக்கு ஒருவர். ஒன்றியம் முழுக்க அவர் சுற்றி முடிப்பதற்குள் இங்கே மூட்டு இறுகிவிடும். உலக வங்கி உதவியோடு 1,700 கோடிக்கு மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான ‘உரிமைகள்’ திட்டமும் ஓடுகிறது. கோடி ஓடுகிறது. ட்யூப் வரவில்லை.

ராஜபாளையம் சாலையில் தெற்கே போனால், தென்காசி பக்கம் ஆய்க்குடி. 1975 ஜனவரியில் கடற்படைத் தேர்வுக்காகப் பெங்களூர் போன கல்லூரி மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தன்னைப் பார்த்துக்கொண்ட ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை வைத்தார். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வு, பயிற்சி, பள்ளி என்று 2022-இல் கண்மூடும்வரை கட்டியெழுப்பினார். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தபின், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார்; 1966-இல் அங்கே மறுவாழ்வு மையம் திறந்தது. எழுந்து நிற்க முடியாத இரண்டு பேர் செய்ததை, ஒரு தலைமைச் செயலகமே நின்றுகொண்டு செய்யவில்லை. ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தன் வேலையை இன்னொருவர் செய்தால் அரசாங்கம் கூச்சப்படாது, விருது கொடுக்கும்.

இனி மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். ஓர் அலுவலகம், எந்த அலுவலகமாகவும் இருக்கலாம்.

“ஆளை நேர்ல கூட்டிட்டு வரணும்மா.”

“எந்திரிக்க முடியலன்னுதான சார் சர்டிபிகேட்டே கேக்கேன்.”

“ரூல் அப்படித்தாம்மா.”

சான்றிதழ் வாங்கினாலும் முடியாது. உதவித்தொகை தொடர வருஷாவருஷம் ‘உயிரோடு இருக்கிறார்’ என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இந்த 2,000 ரூபாயில் ஒருவர் இன்னும் சாகவில்லை என்பதை அரசாங்கத்தால் நம்ப முடியவில்லை. நியாயமான சந்தேகம்தான்.

மம்சாபுரத்துக்கு அரசாங்கத்துக்கு வழி தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2024 மக்களவைத் தேர்தலில், 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்கள் வீட்டிலிருந்தே வாக்களிக்கத் தேர்தல் ஆணையம் ஏற்பாடு செய்தது. 12டி படிவம் போதும். அதிகாரிகள், போலீஸ், வீடியோ எடுப்பவர், ரகசியம் காக்க ஒரு மறைப்பு. ஒரே ஒரு ஓட்டுக்கு ஒரு வண்டி ஆள். முதல் தடவை ஆள் இல்லையென்றால் மறுதடவையும் வருவார்கள். நேரில் வா என்று யாரும் சொல்லவில்லை. ரூலும் குறுக்கே வரவில்லை. ஆக வீடு தெரியும், வாசல் தெரியும், கட்டில் கிடக்கும் மூலையும் தெரியும். ஓட்டை வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள், போகிற போக்கில் ஆளையும் ஒருதரம் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.