வட்டிலப்பம் மறுக்கப்பட்டவன்

எங்கள் மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. அந்த உயரத்து விசிறிகளைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு அவை ஏற விடாத ராட்டினங்கள். ஏற விடும் ராட்டினம் வேண்டும் என்று அழுது தீர்த்ததில், பெருநாள் விடுமுறையில் பதினாறு பேர் ஒரே வானில் அடைந்துகொண்டு கொழும்புப் பக்கத்துக் கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குப் புறப்பட்டோம். பதினேழாவது ஆள் என் வருத்தம்.

அதன் பெயர் சீலியாக். கோதுமை, வாற்கோதுமை, ரை என்ற தானியங்களில் உள்ள குளூட்டன் உள்ளே போனால், என் உடம்பு தன் சிறுகுடலோடு தானே சண்டை பிடித்துச் சடைமுளைகளைத் தேய்த்துவிடும். டொக்டர் சொன்னபோது எனக்கு விளங்கியது. வீட்டில் நான் சொன்னபோதுதான் கெட்டது. "குளூட்டன்" என்றேன், மாமியின் காதில் "குளுக்கோஸ்" என்று விழுந்தது. அன்றிலிருந்து நான் சீனி வருத்தக்காரன்.

பாலாவிச் சந்திக்கு முன்பே வானில் வட்டிலப்பம் சுற்றத் தொடங்கியது. கருப்பட்டி, தேங்காய்ப் பால், முட்டை, ஏலம். மா என்ற பேச்சே இல்லை. என் முறை வந்ததும் மாமி கிண்ணத்தை மூடினார். "நீங்க இதத் தின்னப்படாது மருமகன்" என்று கண்கலங்காத குறையாகச் சொல்லிவிட்டு, கிறீம் கிறாக்கர் பக்கற்றை நீட்டினார். "இதுல சீனி இல்ல."

சீனி கிடக்கட்டும். அது அசல் கோதுமை.

சிலாபத்தில் தேநீருக்கு நிறுத்தினால், கண்ணாடி அலுமாரி முழுக்க பணிஸ், ரோல்ஸ், பட்டிஸ். "ஒரு பணிஸ் தின்டா மவுத்தாகிடுவியா?" என்றார் வாப்பா. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தாலே அதைக் குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்லக்கூடாது, உலக நியமம் அது என்றேன். "அத எந்தத் தராசில நிறுக்கிற?" வெங்காயம் நிறுத்தே எங்களை வளர்த்தவரிடம் மில்லிகிராம் பேசியது என் பிழை.

எங்கள் பக்கத்துக் கற்பிட்டியில் 1667-இல் கோட்டை கட்டத் தொடங்கிய ஒல்லாந்தரின் நாட்டில்தான் இந்த வருத்தத்தின் குட்டும் உடைந்தது. வில்லெம் டிக்கே என்ற குழந்தை வைத்தியருக்குக் கோதுமைமேல் முன்பே சந்தேகம். 1944-45 பனிக்காலப் பஞ்சத்தில் பாண் இல்லாமல் நாடே வாடியபோது, சீலியாக் குழந்தைகள் தேறினார்களாம்; பாண் திரும்பியதும் மறுபடி படுத்தார்களாம். ஊருக்குப் பஞ்சம் வந்தால் எனக்குச் சுகம். இதை வானில் சொல்லவில்லை. சொன்னால் நடுறோட்டில் இறக்கிவிட்டிருப்பார்கள்.

உம்மாவுக்கு வருத்தத்தின் பெயர் தெரியாது. கோதம்ப மா எனக்கு ஆகாது என்பது மட்டும் தெரியும். சிவப்பரிசிச் சோறும் மீன் ஆணமும் கரியரில் கட்டித் தந்திருந்தார். பூங்கா வாசலில் காவலாளி கரியரைப் பிடித்துக்கொண்டார்: வெளிச் சாப்பாடு உள்ளே போகாது. தெரிந்த சிங்களத்தில் என் குடலின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தியவெடியாவ?" என்றார். சிங்களத்தில் சீனி வருத்தம். கரியர் காவல் கொட்டிலில் தங்கியது.

உள்ளே ஃப்ரைட் ரைஸ் இருந்தது. அரிசிதானே என்று ஓடினால் சோயா சோஸ், அதில் கோதுமை. இடியப்பம் சந்தேகத்துக்குரிய வெள்ளை. "அரிசி மாவா?" என்றேன். "நல்ல வெள்ளை மா சேர்" என்றான் பையன், பெருமையோடு. உருளைக்கிழங்கு பொரித்தது ரோல்ஸ் பொரித்த அதே எண்ணெயில். ஐஸ்கிறீமைக் கூம்பில்தான் தருவார்களாம். சூடாக ஒரு பானம், அதில் வாற்கோதுமை மோல்ட். பிள்ளைகளோடு சுழலும் கோப்பையில் ஏறியபோது, கோப்பைக்குள் என்ன ஊற்றியிருந்தார்கள் என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன்.

இரண்டு மணிக்குக் கண் இருட்டியது. வாசலுக்கு நடந்தேன். காவலாளி தன் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, கரியரை முன்னால் வைத்தார். கொட்டில் பூங்காவுக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை, சட்டம் பிழைத்தது. ஆணம் அவருக்குப் போனது, தேங்காய்ச் சம்பல் எனக்கு வந்தது.

என்னைத் தேடி வந்த மாமிக்கு அந்தக் காட்சி பிடித்துப்போயிற்று. "நல்ல மனிசன்" என்று வானுக்கு ஓடிப்போய், மிச்ச வட்டிலப்பத்தைக் கிண்ணத்தோடு கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். இரண்டு கரண்டி தின்றவர், என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரக்கத்தோடு எழுந்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மீதியைச் சாப்பிட்டார்.