ஊருக்குப் புரியாத பாட்டைப் பாடி ஐம்பது வருஷம் ஓட்டுவது எப்படி?

ராக் குழு தொடங்க நினைப்பவர்களுக்கு யோசனை சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. பாட்டு மூன்று நிமிஷத்துக்குள் முடியணும், பல்லவி டீக்கடை வரை போகணும், பாடகர் பார்க்க லட்சணமாக இருக்கணும். நாலு வருஷத்தில் காணாமல் போக விரும்புகிறவர்களுக்கு இந்த யோசனைகள் போதும். அரை நூற்றாண்டு தாண்டி நிற்க வேண்டுமென்றால் வழி வேறு. அந்த வழியில் போய்க் கரையேறியவர்கள் என்று என்னால் கை காட்ட முடிகிற குழு, 1969இல் பாரிஸில் பிறந்த மாக்மா. கீழே வருவதெல்லாம் அவர்கள் செய்ததைப் பார்த்து எழுதிய குறிப்புகள். செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் வீட்டு வாடகைக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளவும்.

தொடங்குவதற்கு ஒரு பெரிய துக்கம் வேண்டும். காதல் தோல்வி மூன்று நிமிஷப் பாட்டுக்குத்தான் தாங்கும். கிறிஸ்டியான் வாந்தேர் என்ற பாரிஸ் டிரம்ஸ் பையனுக்கு வாய்த்தது ஜான் கோல்ட்ரேனின் சாவு. 1967 ஜூலை 17 அன்று அந்த அமெரிக்க சாக்ஸபோன் மேதை நாற்பது வயதில் கண்ணை மூடினார். வாந்தேருக்கு அப்போது பத்தொன்பது. உறவுமில்லை, ஒட்டுமில்லை. ஆனாலும் பையன் இடிந்துபோய் இத்தாலிப் பக்கம் போய்விட்டார். வளர்ப்புத் தந்தை மோரிஸ் வாந்தேர் பெயர் பெற்ற ஜாஸ் பியானோக்காரர். அப்பா வழியில் போயிருந்தால் ராத்திரிக்கு இரண்டு கிளப், மாசத்துக்கு நாலு ரெக்கார்டிங் என்று காலம் ஓடியிருக்கும். பிள்ளை திரும்பி வந்து, பூமி உருப்படாது என்று முடிவு கட்டி, வேறு கிரகத்துக்குப் பாட்டெழுத உட்கார்ந்தார்.

இனி மொழி. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மொழியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறவர்கள். அதைக் காக்க அகாடமியே வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, என் இசையின் வேகத்துக்குப் பிரெஞ்சு போதாது என்று சொல்லுங்கள். ஆங்கிலத்துக்குத் தாவினால் பிழைக்கத் தெரிந்தவன் என்று மன்னித்துவிடுவார்கள். அதனால் அதுவும் கூடாது. புதிதாக ஒன்றைச் செய்யுங்கள். வாந்தேர் செய்ததன் பெயர் கொபாயன். கொபாயா என்ற கிரகத்தின் மொழி. காதுக்கு ஜெர்மனும் ஸ்லாவிய மொழிகளும் அடித்துக்கொள்வது மாதிரி இருக்கும். அகராதியை எழுதி வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டவில்லை. மெட்டு வரும்போதே சொல்லும் கூட வந்தது என்பார் வாந்தேர். ரசிகர்கள்தான் பின்னாடியே சொற்களைப் பொறுக்கிப் பட்டியல் போட்டார்கள். இதில் உள்ள லாபத்தைக் கவனியுங்கள்: வரி நன்றாக இல்லை என்று எந்த விமர்சகரும் எழுத முடியாது. அர்த்தம் தெரியாமல் எப்படி ரசிப்பது என்று கேட்பவர்களிடம், தாலாட்டில் ஆராரோ என்றால் என்ன அர்த்தம் என்று திருப்பிக் கேளுங்கள்.

எழுத்துக்கு மேல் புள்ளி வைக்க மறக்க வேண்டாம். தமிழில் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் உயிர் போய் மெய் மட்டும் நிற்கும். கொபாயனில் உயிரெழுத்தின் தலையிலேயே இரண்டு புள்ளி. அதில் எழுத்துக்கு உயிர் போவதில்லை, படிக்கிறவருக்குத்தான் போகிறது. ரெக்கார்டு கடையில் போய்ப் பெயர் சொல்லிக் கேட்க வாங்குகிறவருக்கும் தைரியம் வராது, விற்கிறவருக்கும் வராது. விரல் நீட்டித்தான் வாங்க வேண்டும். அதற்கு வசதியாகப் பருந்து நகம் மாதிரி ஒரு சின்னம் வரைந்து அட்டையில் போடுங்கள். அதையே உலோகத்தில் செய்து கழுத்தில் தொங்கவிட்டு, ஆளுக்கொரு கறுப்புச் சட்டையுடன் மேடையேறுங்கள். முன்வரிசையில் இருப்பவர்களுக்கு இது கச்சேரியா, தீட்சையா என்ற சந்தேகம் வரும். தெளிவுபடுத்த வேண்டாம்.

முதல் ஆல்பம் இரட்டை எல்பியாக இருக்கட்டும். 1970இல் மாக்மா அப்படித்தான் வந்தது. அழியப்போகிற பூமியை விட்டுச் சிலர் கிளம்பி கொபாயாவில் குடியேறும் கதை. முன்பின் தெரியாத குழுவின் முன்பின் தெரியாத மொழிக் கதையை நாலு பக்கம் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்பவர் வாழ்நாள் முழுக்க உங்களை விடமாட்டார். பாதியில் எழுந்து போகிறவர் எப்படியும் உங்கள் ஆள் இல்லை.

நடுவில் சபலம் வரும். கொஞ்சம் இறங்கி வந்தால் என்ன, ஜனங்களைப் படிப்படியாகப் பழக்கலாமே என்று. மாக்மாவுக்கும் வந்தது. 1972இல் தங்கள் பெயரை மறைத்துக்கொண்டு, கொஞ்சம் எளிதான ஓர் ஆல்பத்தைப் போட்டார்கள். எல்லாருக்கும் நெருக்கமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் தேர்ந்தெடுத்த மாற்றுப் பெயர், யுனிவேரியா ஸெக்ட். ஆல்பத்தின் தலைப்பு, 'பெயர் சொல்ல முடியாதவர்கள்'. இறங்கி வருவதிலும் ஒரு கலை இருக்கிறது. அது அவர்களுக்குக் கைவரவில்லை என்பதை நினைத்தால் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது. அடுத்த வருஷமே ஏறின மலையில் திரும்ப ஏறி, 'மெக்கானிக் டெஸ்ட்ருக்டிவ் கொமாண்டோ'வைக் கொடுத்தார்கள். ஏறக்குறைய நாற்பது நிமிஷம், ஏழு பகுதி, ஒரே பாட்டு. கோரஸ் ஒரே சொற்றொடரைச் சொல்லிச் சொல்லி உருவேற்றுகிறது, ஊதுகுழல்கள் சேர்கின்றன, டிரம்ஸ் ஒரு இடத்தில் நிற்காமல் படி ஏறிக்கொண்டே போகிறது, கடைசிப் பத்து நிமிஷம் கேட்கிறவர் மூச்சு விட்டாரா என்பது அவருக்கே தெரியாது. கார்ல் ஓர்ஃப், ஸ்ட்ராவின்ஸ்கி போன்ற இசையமைப்பாளர்கள் பெயரையெல்லாம் இதற்குச் சொல்வார்கள். எனக்கென்னவோ, சாமி வந்தவரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தின் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது.

இனி மிக முக்கியமான குறிப்பு, வரிசை. மூன்று பாகமாக ஒரு பெரிய கதை சொல்லப்போகிறீர்கள் என்றால் முதல் பாகத்தில் தொடங்குவது கத்துக்குட்டிகளின் பழக்கம். மேலே சொன்ன கொமாண்டோ, 'தொய்ஸ் ஹம்டாக்', அதாவது வெறுப்பின் காலம் என்ற முத்தொகுதியின் மூன்றாம் பாகம். அது 1973இல் வந்தது. இரண்டாம் பாகமான 'வுர்தா இடா', அதாவது இறந்த பூமி, 1974இல் வந்தது. அதுவும் குழுவின் பெயரில் இல்லாமல் வாந்தேர் பெயரில், திரிஸ்தான்-இசோல்ட் காதல் கதையை எடுத்த ஒரு படத்தின் பின்னணி இசையாக. முதல் பாகம்? அதை ஸ்டூடியோவில் பதியவே இல்லை. மேடையில் வாசித்ததைப் பதிந்து 1981இல் வெளியிட்டார்கள். மூன்றையும் ஒரே ராத்திரியில் வரிசையாகக் கேட்க ரசிகர்கள் 2000ஆம் ஆண்டு வரை காத்திருந்து, பாரிஸின் திரியானோன் அரங்குக்குப் போக வேண்டியிருந்தது.

இது தவறிப்போய் நடந்தது என்று நினைப்பவர்களுக்காக இன்னொரு முத்தொகுதி. எகிப்தில் ஒரு ஃபாரோவின் கல்லறைக்குள் இறங்குகிறவனின் கதையான 'கொன்டார்கோஸ்' 1974இல் வந்தது. அது நடுப்பாகம். முன்கதை 'கா' 2004இல். முடிவு 'எமென்டெட்-ரே' 2009இல். மெட்டுகள் பல எழுபதுகளிலேயே கட்டி வைத்தவை. இருபது வயதில் நடுப்பாகத்தை வாங்கியவர், கதை எப்படித் தொடங்கியது என்று தெரிந்துகொண்டபோது அவருக்கு ஐம்பது வயது.

ஆட்களைப் பற்றி. நல்ல வாத்தியக்காரர்களாகப் பார்த்துச் சேருங்கள், ஆனால் பேரேடு கையில் இருக்கட்டும், வருவார்கள், போவார்கள். பியானோ வாசித்த ஃபிரான்சுவா காயனும் சாக்ஸபோன் வாசித்த செஃபெரும் போய் ஸாவ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். செல்லோ படித்த ஜானிக் டாப், பேஸ் கிட்டாரின் தந்திகளையும் செல்லோ மாதிரியே சுருதி கூட்டி, பூமிக்கடியிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம் எடுத்தார். பிற்பாடு அதே மனிதர் ஃபிரான்ஸ் கால் போன்ற பாப் பாடகிகளுக்கு வாசித்தார். தீதியே லாக்வுட் என்ற பதினெட்டு வயதுப் பையன் வயலினோடு வந்து, பின்னாளில் ஜாஸ் உலகத்தில் பெரிய பெயராகப் போனார். போகிறவர்களைத் தடுக்க வேண்டாம். மாக்மாவிலிருந்து போனவர் என்பதே நல்ல நடத்தைச் சான்றிதழ். போகாமல் இருக்க ஒருவராவது வேண்டும்: ஸ்டெல்லா வாந்தேர். அறுபதுகளில் பள்ளிக்கூட வயதிலேயே, அப்போது ஓடிக்கொண்டிருந்த பாப் பாட்டுகளைக் கிண்டல் செய்து பாப் பாடியவர். கிண்டல் அலுத்ததும் கொபாயன் பாட வந்து, இன்றுவரை பாடுகிறார். எண்பதுகளில் இவர்கள் சொந்தமாக செவந்த் ரெக்கார்ட்ஸ் என்ற லேபிளையும் வைத்துக்கொண்டார்கள். முப்பது வருஷம் கழித்து முதல் பாகம் வெளியிடுவதற்கு வேறு எந்த முதலாளியும் ஒப்பமாட்டார்.

புரவலர்கள் எதிர்பாராத திசையிலிருந்து வருவார்கள். ரோலிங் ஸ்டோன்ஸுக்கு லண்டனில் ஆரம்ப கால மேடைகள் கொடுத்த ஜியார்ஜியோ கொமெல்ஸ்கி, கொமாண்டோவைத் தயாரித்தார். 'டூன்' நாவலைப் படமாக்கக் கிளம்பிய இயக்குநர் ஹோதொரொவ்ஸ்கி, நல்லவர்கள் குலத்துக்கு பிங்க் ஃபிளாய்ட், கொடியவர்கள் குலத்துக்கு மாக்மா என்று திட்டம் போட்டார். படம் எடுக்கப்படவே இல்லை. மாக்மாவின் வரலாற்றில் இது பொருந்தித்தான் போகிறது. அந்தக் கொடியவர்களின் கோட்டையை வரைய அமர்த்திய கீகர், 1978இல் 'அட்டாக்' ஆல்பத்துக்கு அட்டை வரைந்தார். அடுத்த வருஷம் அவருடைய பயங்கர ஜந்து 'ஏலியன்' படத்தில் உலகத்தையே பயமுறுத்தியது. எல்லாரையும் விட எனக்குப் பிடித்தவர் ஸ்டீவ் டேவிஸ். ஆறு முறை ஸ்னூக்கர் உலக சாம்பியன். வெயிஸ்ட்கோட் போட்டுக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பந்துகளைக் குழியில் தள்ளுகிறவர். அலுப்பூட்டும் மனிதர் என்று இங்கிலாந்தே கேலி செய்தது. 1988இல் அவர் தன் சொந்தச் செலவில் மாக்மாவை லண்டனுக்கு அழைத்து, புளூம்ஸ்பரி அரங்கில் கச்சேரிகள் வைத்தார். ஆகவே உங்கள் ரசிகர் எப்படி இருப்பார் என்று விளம்பரக் கம்பெனிக்காரர் கேட்டால், தெரியாது என்று நேர்மையாகச் சொல்லுங்கள்.

நீண்ட மௌனம் ஒன்றும் திட்டத்தில் இருக்கட்டும். 1984க்கும் 2004க்கும் நடுவில் மாக்மாவிடமிருந்து முழுநீளப் புது ஸ்டூடியோ ஆல்பம் வரவில்லை. கடைசியாக வந்ததன் பெயர் 'மெர்சி', நன்றி. எண்பதுகளில் குழுவே கலைந்த நிலை. வாந்தேர் ஆஃபரிங் என்ற வேறு குழுவோடு கோல்ட்ரேன் பக்கம் போனார். 1996இல் மாக்மா திரும்ப எழுந்தபோது மேடையில் புது இளைஞர்கள். அதற்குள் இந்த பாணிக்கு ஸொய்ல் என்று பெயரே நிலைத்து, ஜப்பான் வரை தொற்றியிருந்தது. தத்சுயா யோஷிதா என்ற டிரம்ஸ்காரர் ரூயின்ஸ் என்ற குழு வைத்து, அவர் பங்குக்கு அவரும் ஒரு சொந்த மொழி செய்துகொண்டார்.

சிறந்த பாட்டை ஊறப்போடுங்கள். 'ஸெஸ்' எழுபதுகளின் கடைசியில் பிறந்தது. மேடையில் வாசித்தார்கள், ஸ்டூடியோவில் பதியவில்லை. எப்போது என்று ரசிகர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். 2019இல், குழுவுக்கு ஐம்பது வயது ஆனபோது, பிராக் நகரத்து ஆர்க்கெஸ்ட்ராவைச் சேர்த்துக்கொண்டு பதிந்தார்கள். நாற்பது வருஷம் காத்திருந்து அட்டையைப் பிரித்தவர்களுக்குக் கடைசியாக ஒரு அடி: டிரம்ஸில் உட்கார்ந்திருந்தவர் மோர்கன் ஆக்ரென் என்ற ஸ்வீடன்காரர். உலகம் கொண்டாடிய டிரம்ஸ்காரரான வாந்தேர் குச்சியை அவரிடம் கொடுத்துவிட்டு, எழுபத்தொரு வயதில் பாட நின்றுவிட்டார். பாட்டின் துணைத்தலைப்பு 'சூனியத்தின் நாள்'. எல்லாம் முடிந்துபோகும் நாளைப் பற்றியது.

மூன்று வருஷம் கழித்து, 2022இல், 'கார்டெல்' என்று அடுத்த ஆல்பம் வந்தது.