இல்லாத சாரி கார்டு: ஓர் அபாவ விசாரம்

உள்ள பொருள்களை ஆராய்ந்தோர் உலகில் பலர். ‘இல்லாமை’யையும் ஒரு பதார்த்தமாகக் கணக்கிட்டு அதற்கு ஏழாவது ஆசனம் அளித்தவர்கள் பிற்கால வைசேஷிகர்களே. அவர்கள் வகுத்த நால்வகை அபாவங்களும், குடத்தையும் துணியையுமே உதாரணமாகக் கொண்டு எத்தனையோ நூற்றாண்டுகளைப் போக்கிய பின்னர், திருவண்ணாமலையில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அடியேன் வாங்கிய மோட்டார் சைக்கிளில்தான் முழுமையாகப் பிரயோஜனப்பட்டன.

சம்பவம் சுருக்கமானது. பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கிறது. பத்தேகாலுக்குச் சாவி கைக்கு வருகிறது. ராஜகோபுரத்தின் எதிரே வண்டியை நிறுத்தி, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, கற்பூரம் காட்டி, சக்கரங்களின் கீழ் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கி முடித்தபின், பின்னிருக்கையில் ஒருபக்கமாக அமர்ந்த என் மனைவி, முந்தானையைச் சேர்த்துப் பிடித்தவாறு, “ஏங்க, சக்கரத்துப் பக்கம் கம்பி ஒண்ணு இருக்குமே, எங்க?” என்று கேட்டாள். சாரி கார்டு இல்லை. வேறென்ன இல்லையோ என்று இருக்கையையும் தூக்கிப் பார்த்தேன். டூல் கிட் இருக்கவேண்டிய பள்ளத்தில் அதைக் கட்டும் ரப்பர் பட்டை மாத்திரம் இருந்தது.

இனி விசாரம். ஆலையிலேயே பொருத்தப்படவில்லையெனில் அது பிராகபாவம். பொறுப்பு தயாரித்தவரைச் சாரும். ஆலையிலிருந்து வந்து, கிடங்குக்கும் ஷோரூமுக்கும் இடையே மறைந்ததெனில் அது பிரத்வம்சாபாவம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்னும் பழமொழி இவ்வகையை உத்தேசித்தே பிறந்தது போலும். வேறொரு மாடலின் கம்பியைக் கொண்டுவந்து, துளையோடு துளை சேராமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது அன்யோன்யாபாவம்; இது அதுவன்று. ஆனால் விற்றவர் சாதித்ததோ முக்காலத்திலும் இல்லாமையாகிய அத்யந்தாபாவம்: “இந்த மாடலுக்கு அது வராதுங்க சார்.”

இப்பூர்வபட்சத்தை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி ஒரே அடியில் வீழ்த்துகிறது. பின்னிருக்கையுள்ள மோட்டார் சைக்கிளுக்குக் கைப்பிடியும், கால்மிதியும், அமர்பவரின் ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும் இருந்தே தீரவேண்டும் என்பது அதன் ஆக்ஞை. டூல் கிட்டுக்குப் பிரமாணம் வண்டியோடு வந்த கையேடு. அதில் படமே போட்டிருந்தது. 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமோ, பேசியதற்குக் குறைவாக ஒப்படைத்தால் வாங்குபவர் மறுக்கலாம் என்றும், பரிசோதிக்க நியாயமான அவகாசம் கிடைக்கும்வரை அவர் ஏற்றுக்கொண்டதாகக் கருதலாகாது என்றும் விதிக்கிறது. ஆகவே சித்தாந்தம்: பணத்தை வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்தவரே நமக்குப் பதில் சொல்லவேண்டியவர்; ஆலைக்கும் அவருக்கும் உள்ள வழக்கை அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். மறுத்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியை எவ்வூரில் வாங்கியிருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம்.

சித்தாந்தம் இவ்வளவு திடமாயிருக்க, விற்றவர் சாந்தமாக ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். சாமான்கள் வரிசையாக அச்சிட்ட டெலிவரி சீட்டு. ஒரே மூச்சில் போட்டவை போல் டிக் குறிகள் அனைத்தும் ஒரே சாய்வில் இருந்தன. அடியில், “சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்” என்பதன் கீழ், என் திருக்கையொப்பம். ராகுவுக்குப் பயந்து நான் போட்டது. ஆயினும் ராகுவின் பேரில் நோட்டீசு அனுப்ப வழியில்லை.

இவ்வூரில் மகாரதத்துக்குத் திருப்பணி செய்தால், கார்த்திகை தீப விழாவின் ஏழாம் நாளில் வடம்பிடிக்குமுன், வெள்ளோட்டம் விட்டு அச்சையும் சக்கரத்தையும் ஊரறியப் பார்த்துவிடுகிறார்கள். அண்ணாமலையாருக்கே அந்த ஜாக்கிரதை தேவைப்படுகையில், எனக்கு அது தோன்றாமற் போயிற்று.

சாரி கார்டு மறுவாரம் வந்தது. டூல் கிட் இன்னும் வரவில்லை. ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பத்தரைக்குள் எண்ணி முடியாவிட்டால், சாவியை மேசைமீதே வைத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு மேல் வாருங்கள். ராகுகாலம் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும்; போட்ட கையெழுத்து போகாது.