வௌவாலுக்குக் கட்டும் சந்தா

"அந்த மூச்சு கேட்டுச்சா அத்தான்?" என்கிறான் மைத்துனன். சரணத்துக்கு முன்னால் ஜானகியம்மா மூச்சு இழுப்பது கேட்கிறதாம். தன் ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். இந்த நிலையில் "ஆஹா" சொல்லாமல் தப்பித்தவர்கள் இருந்தால் எனக்கும் வழி சொல்லுங்கள்.

பாட்டுச் செயலியின் திரை மூலையில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பொன்னிற முத்திரை. சிடி வெறும் 44.1. அதுவே பாதிக் கணக்கில் 22 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலியைப் பிடித்துவிடும். மனிதக் காது 20-ஐத் தாண்டாது. ஐம்பதைக் கடந்தவனுக்கு அந்த 20-ம் பழைய நினைவு. 192 என்றால் 96 வரை போகும். அங்கே வௌவால்தான் உட்கார்ந்து ரசிக்க வேண்டும். சந்தா மட்டும் என் கார்டில் போகிறது.

பிட் கதை தனி. 16 பிட்டுக்கு 96 டெசிபல் வீச்சு. 24-க்குக் கணக்குப்படி 144. சரி, கேட்பது எங்கே? எங்கள் வீட்டு ஹாலில். ஃபேனை மூன்றில் வைத்தால் டக்டக். இரண்டில் வைத்தால் முனகல். நிறுத்தினால் ஹெட்போன் பஞ்சு வியர்வையில் ஊறுகிறது. கீழ்வீட்டுக்காரர் மோட்டார் போடுவார்; போட்டதை மறந்து குளிக்கவும் போவார். தொட்டி நிரம்பியதும் ஒரு பெண் குரல் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சும். அவள் ஓய்ந்தால் எதிர்வீட்டுக் கார் பக்திப் பாடலோடு பின்னால் வரும். பிறகு கோலமாவு வண்டி, ஒலிபெருக்கியோடு. அதற்குள் குக்கர் மூன்றாவது விசில் அடித்திருக்கும். மூன்றா, நான்கா என்று உள்ளிருந்து என்னையே கேட்பார்கள். கூடுதலாகக் கிடைத்த அந்த 48 டெசிபலை நான் எங்கே போய்த் தேட?

ஆய்வைப் பற்றிச் சொல்ல வந்தேன். இந்த உயர்தர ஒலியையும் சிடி தரத்தையும் காதால் பிரிக்க முடிகிறதா என்று 2007-இல் மேயரும் மோரனும் பாஸ்டன் பக்கம் 500 தடவைக்கு மேல் சோதித்தார்கள். சரியாகச் சொன்னது பாதிக்குப் பாதி; காசு சுண்டிப் போட்டாலும் அதுதான் வரும். 2016-இல் லண்டனில் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தார்: 52.3 சதவீதம். அந்த 2.3-ஐ மைத்துனன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பயிற்சி பெற்ற காதென்றால் 60 வரை போகுமாம். இவன் பயிற்சி பெற்றவனாம்.

"இது ப்ளூடூத்தாச்சே. இதில் முட்டி மோதினாலும் நொடிக்கு 990 கிலோபிட்தானே போகும்? சிடிக்கே 1411 வேணுமே" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். வயர் வைத்ததை மாட்டலாமே என்றேன். முக்கால் லட்சம் கொடுத்து வாங்கிய அந்தப் போனில் வயர் சொருக ஓட்டையே இல்லையாம்.