கிறுக்கின கை யாரு கை?

எய்யா ராசா, செவத்துல படம் போடுதது கலையா, களவாணித்தனமானு கேட்டு போன்ல ஒரு பாட்டம் எழுதி அனுப்பியிருக்க. கூடவே உன் தோழன் நடுராத்திரியில மேம்பாலத் தூணுல ஸ்ப்ரே பெயிண்டு அடிச்ச படமும். பாத்தேன். புலியா பூனையான்னு கொஞ்சம் சந்தேகம், மத்தபடி நல்லாத்தான் இருக்கு. அவனை விடிய விடிய ஸ்டேஷன்ல உக்கார வச்சது பெரிய அநியாயம்னு குதிக்க. இதுக்குப் போயி என்கிட்ட தீர்ப்பு கேட்ட பாரு, அங்கதான் நீ படிச்ச படிப்பு தெரியுது. நாலு ஆட்டுக்கும் டீக்கடைப் பேப்பருக்கும் நடுவுல காலந்தள்ளுத ஆளு நான். இருந்தாலும் கேட்டுட்ட, சொல்லுதேன்.

மொத யோசனை. செவத்துல எழுத ஆசைப்பட்டா, ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே பொறந்திரணும்.

இலங்கையில சிகிரியான்னு ஒரு பாறை இருக்குல்லா. அஞ்சாம் நூற்றாண்டுல காசியப்பன்னு ஒரு ராசா அதுமேல கோட்டை கட்டினான். ஏறுத பாதையோரம் ஒரு செவரு. சாந்து பூசித் தேய்ச்சுத் தேய்ச்சு, முகம் பாக்குத அளவுக்குப் பளபளப்பாக்கி வச்சான். கண்ணாடிச் செவருன்னே பேரு. ராசா போனான், கோட்டையும் போச்சு. பெறவு வேடிக்கை பாக்க வந்த ஆளுக சும்மா இருந்தாவளா? பாறையில தீட்டியிருக்க பொம்பளைக படத்தைப் பாத்துக் கிறங்கிப்போயி, கையில கெடைச்ச கூரானதை வச்சு அந்தச் செவத்துல கவிதை கவிதையா கீறித் தள்ளிட்டாவ. ஆறாம் நூற்றாண்டுல தொடங்கினது பதினாலாம் நூற்றாண்டு வரை ஓயல. ராசா உசிரோட இருந்தா ஒவ்வொருத்தன் கையையும் முறிச்சிருப்பான். இன்னைக்கு? சேனரத் பரணவிதானன்னு ஒரு தொல்லியல் அறிஞர் அதுல 685 பாட்டை எழுத்துக்கூட்டிப் படிச்சு, 1956ல ரெண்டு பாகமா புத்தகமே போட்டாரு. பழைய சிங்கள மொழி எப்படி இருந்துச்சுன்னு தெரியணும்னா அந்தக் கிறுக்கலைத்தான் புரட்டுதாவ.

அதே செவருதான்லே. 2015 பிப்ரவரியில சுத்திப்பாக்கப் போன ஒரு சின்னப் பொண்ணு தன் பேரை அதுல கீறிட்டா. கோர்ட்டு ரெண்டு வருஷம் ஜெயில்னுட்டுது. ஊரெல்லாம் பரிதாபப்பட்டு, கடைசியில சனாதிபதி மைத்திரிபால சிறிசேன மன்னிப்புக் குடுத்து அந்த ஏப்ரல்ல வெளிய வந்தா. அவ கீறினது தப்புதான், நான் இல்லைங்கல. புதுசா ஒருத்தி கீறினா அடியில கெடக்க பழைய பாட்டு அழிஞ்சு போவும். ஆனா அந்தப் பழைய ஆளுகள்ல ஒருத்தனுக்காவது, ராசா பளபளன்னு வச்ச செவரு பாழாவுதேன்னு கூச்சம் இருந்துச்சா? இருந்திருந்தா பரணவிதானவுக்குப் படிக்க என்ன இருந்திருக்கும்?

அதனால உன் தோழன்கிட்ட தைரியமா இருக்கச் சொல்லு. ஆயிரம் வருஷம் போனா அவன் தூணையும் தொல்லியல் துறை வேலி போட்டுக் காப்பாத்தும். அதுவரைக்கும் ஜாமீன்ல இருக்கணும், அவ்வளவுதான்.

ரெண்டாவது யோசனை. அவ்வளவு நாள் பொறுக்க முடியாதுன்னா, பேரு வாங்கிரு. பேங்க்ஸின்னு ஒருத்தன் இங்கிலாந்துல முகத்தைக் காட்டாம படம் போட்டுட்டு அலையுதான். 2014ல கிளாக்டன்னு ஒரு கடலோர ஊருல, பொழைக்க வந்த ஒத்தைக் குருவியைப் பாத்து நாலஞ்சு புறாக்க அட்டையைத் தூக்கிப் பிடிச்சு 'ஓடிப்போ'ங்குத மாதிரி வரைஞ்சு வச்சான். வந்தேறிகளை வெறுக்குதவனைக் கேலி பண்ணின படம். யாரோ ஒருத்தர் இது இனவெறிப் படம்னு புகார் குடுக்க, கவுன்சில் ஆளுக அழிச்சுட்டாவ. வரைஞ்சது யாருன்னு தெரிஞ்ச பெறவு, அவர் வந்து பொருத்தமா இன்னொண்ணு போட்டா ரொம்ப சந்தோஷம்னாவ! அவனோட இன்னொரு படம் 2018ல லண்டன் ஏலத்துல பத்து லட்சம் பவுனுக்கு மேல போச்சு. ஏலச் சுத்தியல் விழுந்த கையோட, சட்டத்துக்குள்ள ஒளிச்சு வச்ச கத்தி பாதிப் படத்தைக் கீத்துக் கீத்தா நறுக்கிட்டுது. நம்ம ஊருல பாதி கிழிஞ்ச நோட்டை நீட்டினா பஸ் கண்டக்டர் மூஞ்சியில எறிவான். அந்தப் பாதி கிழிஞ்ச படம் 2021ல ஒரு கோடியே எண்பத்தஞ்சு லட்சம் பவுனுக்கு வித்துது.

இனி செவத்துக்காரன் பாட்டைக் கேளு. நியூயார்க்குல குயின்ஸ் பக்கம் வுல்காஃப்னு ஒரு முதலாளிக்குப் பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒண்ணு இருந்துச்சு. வரையுத பையன்களுக்கு அவரே மனசார அனுமதி குடுத்தாரு. வருஷக் கணக்கா வரைஞ்சாவ. 'ஃபைவ் பாயிண்ட்ஸ்'னு அதுக்குப் பேரு வந்து, உலகத்து ஆளெல்லாம் பாக்க வந்தாவ. அந்தப் பக்கம் மனை விலை ஏறவும், முதலாளிக்கு அடுக்குமாடி ஆசை வந்துட்டுது. 2013 நவம்பர்ல ஒரே ராத்திரியில மொத்தத்துக்கும் வெள்ளை அடிச்சுட்டாரு. என் செவரு, என் சுண்ணாம்பு, எவன் கேப்பான்னு நெனச்சாரு போல. 21 பேரு கேஸ் போட்டாவ. அந்த நாட்டுல 1990லயே ஒரு சட்டம் போட்டு வச்சிருக்கான். பேரு பெத்த ஓவியத்தை அழிக்கணும்னா, செவரே உன்னுதா இருந்தாலும், வரைஞ்சவனுக்கு 90 நாள் முன்னால தாக்கல் சொல்லணும். நீதிபதி 45 படத்துக்கு, படம் ஒண்ணுக்கு ஒன்றரை லட்சம் டாலர்னு கணக்குப் போட்டு, 67 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கட்டச் சொல்லி 2018ல தீர்ப்பு எழுதினாரு. இடிக்க அனுமதி வாங்கி, பத்து மாசம் பொறுத்து இடிச்சிருந்தா இவ்வளவு வந்திருக்காதுங்குத மாதிரியும் சொன்னாரு. முதலாளி மேல்கோர்ட்டுக்குப் போனாரு, அங்கயும் பருப்பு வேகல. சொந்தச் செவத்துக்கு வெள்ளை அடிச்சு இவ்வளவு பணத்தைத் தொலைச்ச மகராசன் அவரு ஒருத்தராத்தான் இருக்கணும்.

அங்க அப்படி. இங்க? அனுமதி இல்லாம செவத்துல எழுதினா குத்தம்னு நம்ம மாநிலத்துலயும் 1959லயே சட்டம் வந்தாச்சு. ஆனா தேர்தல் வாசம் அடிச்சா போதும், விடியுததுக்குள்ள கட்சிக்காரன் நம்ம தெக்குச் செவத்துல வெள்ளை அடிச்சு, மூலையில கட்சிப் பேரை எழுதிப் பிடிச்சு வச்சுட்டுப் போயிருதான். ஏன்யா, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதான்னேன். "வெள்ளை அடிச்சது இலவசம்தான தாத்தா"ன்னு பல்லைக் காட்டுதான். அவனை எந்த ஸ்டேஷன்லயும் உக்கார வைக்கல. உக்கார வச்சாலும் டீ வாங்கிக் குடுத்திருப்பாவ. உன் தோழன் புலிக்குப் பதிலா ஒரு தலைவர் படத்தைப் போட்டிருந்தா ராத்திரி வீட்டுல தூங்கியிருக்கலாம்.

செவரு இருந்தாத்தான் சித்திரம்னு சொல்லி வச்ச பெரியவன், யாரு செவருன்னு சொல்லாமப் போயிட்டான். வம்பெல்லாம் அங்கதான் தொடங்குது. படம் நல்லா இருக்கா, செவரு யாருது, இது ரெண்டும் வேற வேற கேள்விலே. புலி உறுமுத மாதிரி இருந்தாலும் ரெண்டாவது கேள்வி நிக்கத்தான் செய்யும். மேம்பாலத் தூணு எல்லாருக்கும் சொந்தம்தானன்னு கேப்ப. எல்லாருக்கும்னா உன் தோழனுக்கு மட்டும் இல்லன்னு அர்த்தம்.

வரையணும்னு கை துறுதுறுங்குதுன்னா பொங்கலுக்கு அவனையும் கூட்டிட்டு வா. மாட்டுக்கொட்டகைச் செவரு சும்மாதான் கெடக்கு. சாயக்காசு நான் தாரேன். புலி புலியா வந்தா கலை, பூனையா வந்தா அழிக்குத கூலி உன் கணக்கு. ஆனா வருமுன்னே ஆச்சிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுரு. வீடு அவ பேருல இருக்கு. ஒரு ஆணி அடிக்கணும்னா நானே அவகிட்டதான் அனுமதி வாங்குதேன்.