பெயர் சூட்டு விழா

2017-இல் ஆரக்கிள் நிறுவனம் ஜாவா இஇ-யை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குத் தாரைவார்க்க முன்வந்தது. பெயரை மட்டும் விட மனமில்லை. பெண்ணைக் கொடுத்துவிட்டு இனிஷியலைத் திருப்பிக் கேட்கும் மாமனார் மாதிரி. விளைவு, 2020-இல் ஜகார்த்தா இஇ 9. புது வசதி என்று பெரிதாக ஒன்றுமில்லை. பேக்கேஜ் பெயர்களில் 'ஜாவாக்ஸ்' என்றிருந்தது 'ஜகார்த்தா' ஆனதுதான் சாதனை.

மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம் என்று கை துறுதுறுத்தால் அங்கேதான் வினை. சர்வ்லெட் மாறியது, ஸ்விங் மாறவில்லை. டிரான்சாக்‌ஷன் மாறியது, அதன் அடியில் இருக்கும் எக்ஸ்ஏ மாறவில்லை. (எஸ்க்யூஎல் பழைய பெயரிலேயே சௌக்கியம்.) 2022-இல் புதுப் பெயரையே கேட்கும் ஸ்பிரிங் பூட் 3 வந்ததும், மாற்றாமல் ஒளிந்திருந்தவர்களும் சிக்கினார்கள்.

"இத்தனை வேலைக்கு அப்புறம் கஸ்டமருக்கு என்ன புதுசா தெரியும்?" என்பார் மேனேஜர்.

"எதுவும் தெரியாது சார். தெரிஞ்சா அதுதான் பிரச்சினை."